ஆடியின் இரண்டாம் அமாவாசை

என் தம்பியை நிலா இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் சொன்னார்கள். அமாவாசை அல்லவா, கடலுக்கு வெறி பிடிக்கும் நாள் அல்லவா, நிலா இழுத்தால் மனுஷன் என்ன செய்வான் என்று உச்சுக் கொட்டினார்கள். அதையும் என்னிடமே வந்து சொன்னார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் நான். வாசகசாலை, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய், கடலில் தண்ணீர் ஏன் ஏறி இறங்குகிறது என்று படம் போட்டுக் காட்டிப் பேசுகிறவள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பார்களே, அது இதுதான்.

நிலா யாரையும் கரையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகாது. கடல் ஏறி இறங்கும் இந்த ஓதம் என்பது இழுப்பே அல்ல, இழுப்பில் உள்ள வித்தியாசம். பூமியில் நிலாவைப் பார்த்த பக்கம் அதற்குக் கொஞ்சம் கிட்டே இருக்கிறது, ஆகவே அதை நிலா கூடுதலாக இழுக்கிறது. நடுப்பகுதியை அதைவிடக் குறைவாக, மறுபக்கத்தை இன்னும் குறைவாக. தம்பானூர் பஸ் நிலையத்தில் ஓர் அம்மா மூன்று பிள்ளைகளைக் கைகோர்க்க வைத்து இழுத்துக்கொண்டு ஓடினால் அந்த வரிசை நீளுமே, அது மாதிரி பூமி இரண்டு பக்கமும் நீள்கிறது, கடல் இரண்டு பக்கமும் மேடாகிறது. சூரியன் நம்மை நிலாவைவிட எத்தனையோ மடங்கு பலமாக இழுக்கிறது. ஆனாலும் ஓதத்தில் அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு. அத்தனை தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டும் ஒரே கோட்டில் வருவதால் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக ஏறும். எங்கள் கரையில் அந்தக் கூடுதலையும் சேர்த்தால்கூட ஒரு மீட்டருக்குள்தான். என் தம்பி நல்ல உயரம். ஏற்றத் தண்ணீர் அவன் இடுப்புக்குக்கூட வந்திருக்காது. அவனை எடுத்தது மழைக்காலத்து அலை. தெற்கே எங்கோ வீசிய காற்று கிளப்பி விட்ட அலை. இதை வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லி என்ன ஆயிற்று? நிலா இழுத்தாலும் அலை இழுத்தாலும் அவன் வீட்டுக்கு வரவில்லை.

அவன் ஏன் அன்றைக்குக் கடலுக்குப் போனான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தது. ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரி போய் முங்கி, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வருவது தம்பியின் வழக்கம். அவன் கட்டியவள் மலையாளி. அவள் ஆட்களுக்கு அதே நாள் கர்க்கடக வாவு. திருவனந்தபுரத்துச் சங்குமுகத்தில் கடற்கரை கொள்ளாமல் ஜனம் கூடிச் செத்தவர்களுக்குச் சோற்று உருண்டை வைத்துப் பலி இடும். சாதாரணமாக இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும், வீட்டில் வழக்கு ஒன்றும் இருக்காது. அந்த வருஷம் ஆடி மாதத்தின் முதல் தேதியே ஓர் அமாவாசை வந்தது, கடைசித் தேதியில் இன்னோர் அமாவாசையும் வந்தது. மலையாளத்துக்காரர்கள் முதலாவதை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பஞ்சாங்கமோ இரண்டாவதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டது.

“என்கூட வந்து இட்டா போராதா சேட்டா? அதே கடல்தானே? அதே நிலாதானே?” என்று தம்பியின் மனைவி கேட்டாள்.

“அது அவங்க கணக்காக்கும் மக்ளே. நம்ம கணக்கு வேற. நாள மாத்திப் போட்டா அப்பாவுக்குப் போய்ச் சேராது, கேட்டியா” என்றாள் அம்மா.

“ரெண்டு அமாவாசையும் அக்கா வீட்டுச் சொத்துல்லா? அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க” என்றான் தம்பி. நிலாவை என் மாமியார் வீடு என்பான். என் பேச்சு எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்து, மூன்றாவது படம் போடுவதற்குள் தூங்கிப்போவான். கடைசியில் கைதட்டும் சத்தத்தில் எழுந்து எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவான்.

மாதம் முப்பத்தொரு நாள், நிலா வளர்ந்து தேய்ந்து ஒரு சுற்று முடிக்க இருபத்தொன்பதரை நாள், ஆகவே ஒரு மாதத்துக்குள் இரண்டு அமாவாசை விழுவதில் அதிசயம் இல்லை என்று நான் சொன்னேன். நிலாவும் பஞ்சாங்கம் படிப்பதில்லை, அப்பாவும் படிக்கப் போவதில்லை என்றும் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் அமாவாசைக்கு அவள் தன் அப்பாவுக்குப் பலி இட்டாள். தம்பி அவள் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றான். அன்றைக்குச் சங்குமுகத்தில் மூங்கில் தடுப்பு இருந்தது, கயிறு இருந்தது, கயிற்றுக்கு அப்புறம் கழுத்தளவு தண்ணீரில் காவல்காரர்கள் நின்றார்கள், ஆம்புலன்ஸ் நின்றது. ஒரு குழந்தை கால் வழுக்கினால்கூட நாலு கை நீண்டது.

இரண்டாம் அமாவாசைக்குக் கரையில் நாங்கள்தான் இருந்தோம். ஊருக்கு அது சாதாரண வேலை நாள். கயிறும் தடுப்பும் எதற்கு இருக்கப்போகிறது? யாரையும் குற்றம் சொல்ல முடியாது, அதுதான் என்னைத் தின்கிறது. கன்னியாகுமரிக்குப் போகாததற்குக் காரணம் கேட்டால், அவன் ஆபீசில் ஆடிட். லீவு கிட்டாது அக்கா, சங்குமுகத்துல ஒரு முங்கு போட்டுட்டு ஆபீசுக்குப் போயிருவேன் என்றான். நானும் அவளும் சாலை ஓரத்துக் கல்லில் குடையோடு நின்றோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மணலில் சிவப்புக் கொடி நட்டிருந்ததை மூன்று பேரும் பார்த்தோம்.

“கொடி சிவப்பாணு சேட்டா” என்றாள் அவள்.

“எள்ளும் தண்ணியும் விட்டாச்சு. இனி ஒரே ஒரு முங்கு. கால் நனைஞ்சாச்சு, இனி தல நனைஞ்சா என்ன?” என்றான்.

முதல் அலை வந்தபோது குதித்துத் தாண்டினான். எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான், அலைச் சத்தத்தில் கேட்கவில்லை. அடுத்தது வந்தபோது எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனைக் கவிழ்த்தது. ஒரு தடவை முதுகு தெரிந்தது, ஒரு தடவை கை தெரிந்தது. குடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். முட்டளவு தண்ணீருக்கு மேல் என்னால் போக முடியவில்லை, மணல் காலுக்குக் கீழே உருவிக்கொண்டு போயிற்று. அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். அவள் முடியைப் பிடித்துத்தான் நான் இழுத்தேன். கொஞ்ச தூரத்தில் இருந்த காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டு மிதவையோடு ஓடி வந்து குதித்தார், தேடினார், மூச்சு வாங்கத் திரும்பி வந்தார், மறுபடியும் போனார். கடலோரப் போலீஸ் வந்தது. மீன்பிடிக்கிறவர்கள் வள்ளம் இறக்கப் பார்த்தார்கள், அலை தூக்கி அடித்ததில் இரண்டு தடவை கரையிலேயே கவிழ்ந்தது.

அவள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் என் தோலில் இருக்கிறது.

“சேச்சி பற, சொல்லு. கடல் எந்தப் பக்கம் கொண்டு போகும்? வலியதுறைப் பக்கமா, வேளிப் பக்கமா? சேச்சிக்கு அறியுமே. அவங்ககிட்ட பற சேச்சி!”

போலீஸ்காரர் ஒருவரும் என்னைப் பார்த்தார். அவர் என் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறாராம். “டீச்சர், ஒரு ஐடியா சொன்னா போதும்” என்றார்.

செவ்வாயின் சின்ன நிலா ஒன்று இன்னும் எத்தனை காலத்தில் செவ்வாயை நெருங்கி நொறுங்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியும். நம் பால்வீதி ஒரு குட்டி நட்சத்திரக் கூட்டத்தைப் பிடித்து எந்தத் திசையில் நூலாக உருவிக்கொண்டிருக்கிறது என்று படம் வரைந்து காட்டத் தெரியும். சங்குமுகத்தில் அன்று காலை ஒரு மனிதன் வடக்கே போனானா தெற்கே போனானா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவளிடம் சொன்னேன், போலீஸ்காரரிடம் சொன்னேன், அப்புறம் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் கையை விட்டாள்.

அன்று பிற்பகல் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அம்மா அழவில்லை. “குளிச்சுட்டு ஆபீசுக்குத்தான் போயிருப்பான். போன் பண்ணிப் பாரு மக்ளே” என்றாள். அவன் போன் அவன் மனைவியின் கைப்பையில் இருந்தது.

கடல் எடுத்ததைக் கடல் தரும், மூணாம் நாள் தரும் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் அதைப் பார்த்துப் பழகியவர்கள். மூன்றாம் நாள் கடல் ஒன்றும் தரவில்லை, அதற்கு மறுநாளும் தரவில்லை. படகுகள் தேடிவிட்டு நின்றன. பேப்பரில் ஒரு மூலையில் செய்தி வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. வீட்டில் பிணமும் இல்லை, ஆளும் இல்லை. அம்மா சோற்றுப் பானையில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டாள்.

ஒரு நாள் காலையில் தம்பியின் மனைவி என் அறை வாசலில் வந்து நின்று, “சேச்சி, இன்னிக்கு வேலியேற்றம் எப்போ?” என்று கேட்டாள். கடல் ஏறுவதற்கு மலையாளத்தில் அதுதான் பெயர். எதற்கு என்று கேட்காமல் போனில் பார்த்துச் சொன்னேன். ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். மறுநாளும் கேட்டாள். தண்ணீர் ஏறும்போது அவன் அதோடு ஏறி வருவான், அந்த நேரத்தில் கரையில் தெரிந்த முகம் யாராவது நிற்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. சில நாளில் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏற்றம் தினமும் முக்கால் மணியைவிடக் கொஞ்சம் கூடத் தள்ளிப் போகும் என்பதை அவளே பிடித்துக்கொண்டாள். வேலைக்குப் போன ஆய்வகத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டாள். ஒரு மத்தியானம் நான் கல்லூரியிலிருந்து நேரே சங்குமுகம் போனபோது, முட்டுக்கு மேல் தண்ணீரில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். அலை அவளை ஒரு பக்கம் சாய்த்தது, நிமிர்ந்தாள், மறுபடியும் சாய்த்தது. ஒருவனைக் கொடுத்தது போதாது, இவளையும் கொடுக்கப் போகிறோம் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் அவள் கூடவே போனேன். அவளைத் தண்ணீரிலிருந்து ஏற்ற வேண்டும். அதற்கு ஒரே வழி, அவன் செத்துவிட்டான் என்று அவள் ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கல் மேல் உட்கார வைத்துவிட்டால், அவள் எழுந்து போகாமல் இருக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எனக்குப் பேசத் தெரிந்தது ஒரே விஷயம்தான்.

நிலாவும் ஒரு காலத்தில் தன்னைத்தானே வேகமாகச் சுற்றியது என்று சொன்னேன். பூமி அதன் கிட்டப் பக்கத்தையும் எட்டப் பக்கத்தையும் வேறு வேறாக இழுத்து இழுத்து, அந்தச் சுற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, கடைசியில் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டும்படி நிறுத்திவிட்டது என்றேன். “பாவம்” என்றாள். வியாழனின் நிலா ஒன்றைப் பற்றிச் சொன்னேன். கூட ஓடும் மற்ற நிலாக்கள் அதன் பாதையைக் கோணலாக்குகின்றன, அதனால் அது வியாழனுக்குக் கொஞ்சம் கிட்டேயும் கொஞ்சம் எட்டியும் போய் வருகிறது, ஒவ்வொரு சுற்றிலும் வியாழன் அதைப் பிசைகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமே, அந்தச் சூட்டில் அதன் உள்பாறையே உருகி எரிமலையாகக் கக்குகிறது. சனிக்கு ஒரு குட்டி நிலா இருக்கிறது, மேலே முழுக்கப் பனிக்கட்டி, இதே பிசைவால் அடியில் கடல் உறையாமல் கிடக்கிறது என்றேன்.

“அந்தக் கடல்லயும் ஏற்றம் உண்டா?” என்று கேட்டாள்.

“உண்டு.”

அவள் எழுந்து தண்ணீரைப் பார்த்து நடந்தாள். பின்னால் ஓடினேன். “கிட்டப் போகாதே! போகாதேன்னு சொல்றேன்லா!” என்று கத்தினேன். ரொம்பக் கிட்டே போனால் நிலாவே உடையும். பெரியது சின்னதைப் பிய்த்து இழுக்கும் வித்தியாசத்தைவிட, சின்னது தன்னைத்தானே பிடித்திருக்கும் பிடி குறைந்துபோகும் ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் தூள்தான். இதையும் கத்திக்கொண்டே சொன்னேன். வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்தால் தப்பில்லை.

வீட்டில் அம்மா வேறு மாதிரிப் படுத்தினாள். ஒரு நாள், அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அலைய விடுகிறீர்களே என்று அழுவாள். மறுநாள், உடம்பு கிடைக்காமல் எப்படிச் செய்வது, உசிரோடு இருக்கிறவனுக்கு எள்ளுத் தண்ணி விட்டால் அந்தப் பாவம் யாருக்கு என்று என் மேல் பாய்வாள். அம்மா இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், நடுவில் நான் எரிந்தேன். இரண்டு பேருக்கும் நான்தான் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் யாரும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. அவன் எனக்கும் தம்பி என்பது அந்த வீட்டில் மறந்தே போயிற்று.

ஒரு வாசகசாலையில் முன்பே ஒத்துக்கொண்ட பேச்சு ஒன்று இருந்தது. வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரமாவது கடலை நினைக்காமல் இருக்கலாமே என்று போனேன். நட்சத்திரக் கூட்டங்களைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு பெரிய கூட்டத்தின் பக்கத்தில் குட்டிக் கூட்டம் ஒன்று வந்து மாட்டிக்கொண்டால், அதன் கிட்டப் பக்கத்து நட்சத்திரங்கள் முன்னால் உருவப்படுகின்றன, எட்டப் பக்கத்தவை பின்னால் விடுபடுகின்றன, சுற்றிச் சுற்றி அது ஒரு நீண்ட நூலாகிவிடுகிறது. நம் பால்வீதியைச் சுற்றி அப்படி நூல்கள் கிடக்கின்றன. படத்தைக் காட்டினேன். முதல் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கி, “அதெல்லாம் மறுபடியும் சேருமா டீச்சர்?” என்று மலையாளத்தில் கேட்டாள்.

சேராது என்று சொல்ல வேண்டும். ஒரே சொல். தண்ணீர் குடித்தேன். அந்த இடைவெளியில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, மனுஷ உடம்பிலும் முக்கால் பங்கு தண்ணீர்தானே, அமாவாசைக்கு அதுவும் பொங்குமா, அதனால்தானே ஆட்கள் தானாகவே கடலுக்குப் போய் விழுகிறார்கள் என்று கேட்டார். நான் அவரை என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உங்கள் தலைக்கும் காலுக்கும் நடுவில் நிலாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, உங்கள் தலையில் ஒன்றும் இல்லை என்பதால் அல்ல என்று தொடங்கியது மட்டும் நினைவிருக்கிறது. மேசையைத் தட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். நடத்தியவர் என்னைக் கையைப் பிடித்து ஆட்டோ வரை கொண்டுவந்து விட்டார். கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை, தூங்கவும் இல்லை.

அதற்கப்புறம் நான் கொடூரமாகிவிட்டேன். அவன் வரமாட்டான் என்று அவளிடம் நேராகச் சொல்லத் தொடங்கினேன். கரையில் சொன்னேன், சமையலறையில் சொன்னேன், அவள் தலை வாரும்போது சொன்னேன். இந்த அலை அவனைத் திருப்பித் தராது. இந்தக் கரையில் ஏறுவது இவ்வளவு தண்ணீர், இறங்குவது இவ்வளவு தண்ணீர், அதில் ஒரு தென்னை மட்டைகூட ஒழுங்காகத் திரும்பி வராது என்று கணக்குச் சொன்னேன்.

“அப்போ இது எப்ப நிக்கும்?” என்று ஒரு நாள் கேட்டாள். “ஏறறதும் எறங்கறதும்.”

நிலா ஒவ்வொரு வருஷமும் இரண்டு விரற்கடை நம்மைவிட்டுத் தள்ளிப் போகிறது என்று சொன்னேன். தள்ளுவது யார் என்றால், நிலாவே எழுப்பிய அந்தக் கடல் மேடுதான். பூமி சுழல்கிற வேகத்தில் அந்த மேடு நிலாவுக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்று அதை முன்னே இழுக்கிறது. அந்த வேகத்தில் நிலாவின் சுற்று பெரிதாகிறது, அதற்குக் கூலியாகப் பூமியின் சுழற்சி குறைகிறது, நாள் நீள்கிறது. தூரம் கூடக்கூட ஏற்றம் குறையும். ஆனால் நம் ஆயுசில் அது கண்ணுக்குத் தெரியாது என்றேன்.

“நாள் நீண்டுதான் போகுது சேச்சி. அது எனக்குத் தெரியுது” என்றாள். அன்று அவள் தண்ணீருக்குள் போகவில்லை. எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது, அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

அடுத்த ஆடி வந்தது. இந்த வருஷம் அமாவாசை ஒன்றுதான், இரண்டு பஞ்சாங்கத்துக்கும் ஒரே நாள். பலி இட்டுவிடலாம் என்று அவளை நெருக்கினேன். இட்டுவிட்டால் அவள் கரைக்குப் போவது நிற்கும், என் நெஞ்சிடி நிற்கும். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு காலையில் அவளே வந்தாள்.

“சரி சேச்சி. இடலாம். எங்க ஆட்கள்ல பெண்ணுங்களும் இடும். சேச்சியும் கூட இடணும், ஒற்றைக்கு என்னால ஆகாது.”

அம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். “நம்ம முறைன்னா யாராவது ஆம்பிளப் பிள்ளையத் தேடணும். அவங்க முறையிலயே போட்டுருங்க மக்ளே. எள்ளு நான் எடுத்துத் தாறேன்” என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

வாவு அன்று சங்குமுகம் நிறைந்து கிடந்தது. தடுப்பு, கயிறு, காவல்காரர்கள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மணலில் வரிசை வரிசையாக உட்கார்ந்தோம். வாழையிலைத் துண்டு, சோற்று உருண்டை, எள், தர்ப்பை, பூ. எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது, அவளுக்காக வந்தவள் நான். பந்தலில் சடங்கு நடத்திய கர்மி ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல எல்லோரும் செய்தார்கள். “மரிச்ச ஆளுடெ பேரும் நாளும் மனசில் விசாரிச்சோளூ” என்றார். செத்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் நினைக்க வேண்டும். பெயரை நினைத்தேன், நட்சத்திரத்தை நினைத்தேன். செத்தவர் என்ற இடத்தில் அவனைக் கொண்டுபோய் வைக்க எனக்கு வரவில்லை. பக்கத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள்.

இலையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு நடந்தோம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, இலையைப் பின்னால் விட்டுவிட்டு, முங்கி, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். அவள் விட்டாள். முங்கினாள். எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் இலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கையும் தலைக்கு மேல் இறுகிவிட்டன. முதுகுக்குப் பின்னால் அவன் அந்த அலையைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருக்கிறான், நான் இதை விட்டுவிட்டால் அவன் குதிப்பது நின்றுவிடும் என்று தோன்றியது. நான் திரும்பிவிட்டேன். கயிற்றுக்கு அப்புறம் கடலைத்தான் பார்த்தேன், ஒவ்வொரு அலையாகப் பார்த்தேன்.

“சேச்சி, விடு” என்றாள்.

“மாட்டேன்.”

“சேச்சியல்லே சொன்னது? வரமாட்டான்னு சேச்சியல்லே ஒரு வருஷம் முழுக்கச் சொன்னது?”

அவள் என் விரலைப் பிரிக்க வந்தாள். அவள் கையில் ஓங்கி அடித்தேன். அவன் வருவான், வருவான்டீ, அவனுக்கு நீந்தத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரம் பாரு என்று கடற்கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் என்னைத் தண்ணீரிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டாள். இலை தலை மேலேயே இருந்தது, சோற்று உருண்டை கரைந்து என் நெற்றி வழியே இறங்கியது. பின்னால் வரிசையில் இலையோடு நின்றவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள்.